விழுங்கினால் விற்றது

என் அத்தானின் நாக்கு, லாரி ஒன்றுக்கு அரைப்பெட்டி. அதாவது, வந்திறங்கிய சரக்கில் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போகிறதோ அதில் பாதி அவருக்கு. எங்கள் பழச்சந்தையில் இவ்வளவு அரிய பொருள் இவ்வளவு மலிவாகக் கைமாறியதில்லை என்று சத்தியம் செய்வேன். சத்தியத்துக்குக் கமிஷன் கிடையாது, அதனால் தாராளமாக நம்பலாம்.

அவர் என் அக்காவின் கணவர். நான் அதே சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். விளைவிக்கிறவர் கொண்டுவரும் பழத்தை வாங்குகிறவர் கையில் சேர்த்துவிட்டு, நடுவில் நின்றதற்குக் கூலி வாங்குகிற பிழைப்பு. அத்தானுடையது அதற்கும் நடுவில் நிற்கிற பிழைப்பு. லாரி வந்ததும் ஏலக் கொட்டகையில் பெட்டிகளை இறக்குவோம். மேலே இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும், அது உலக வழக்கம். அதனால் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று பெட்டிகளை உருவச் சொல்வார். ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று நறுக்கி வாயில் போடுவார். கொட்டகை மொத்தமும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். தொண்டை ஏறி இறங்கினால் சரக்கு சரி, ஏலத்தை ஆரம்பிக்கலாம். தரையில் துப்பினால் சரக்கு தள்ளுபடி, ஜூஸ் கடைக்காரர்கள் வந்து பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்து அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. சொன்னதை மாற்றிச் சொல்லலாம், விழுங்கியதை மாற்ற முடியாது. இதுதான் எங்கள் சந்தையின் சட்டம். விழுங்குவது முத்திரை குத்துவது மாதிரி என்பதால் எல்லோருக்கும் அவர் 'முத்திரை'. சொந்தப் பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்தது. வந்த விஷயம் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். சந்தைக்குத் தெரியவே கூடாது என்று அன்றைக்கே என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார்.

"சர்க்கரை வந்தவன் நாக்கை எவன் நம்புவான் மாப்பிள்ளை? 'இவன் ரத்தமே பாகு, இவனுக்குத் தண்ணி குடிச்சாலும் தித்திக்கும்'னு ஒருத்தன் கிளப்பிவிட்டாப் போதும். அந்த ஐஸ் இருக்காரே, மறுநாளே ஒரு மிஷினைக் கொண்டாந்து என் இடத்துல உக்கார வெச்சுடுவாரு."

ஐஸ் என்பது குளிர்கிடங்கு முதலாளி. சந்தைக்கு வரும் சரக்கில் கால்வாசி அவர் கிடங்குக்குத்தான் போகும். பேச்சும் கிடங்கு மாதிரியே இருக்கும், பக்கத்தில் நின்றால் போர்வை தேடத் தோன்றும். ஒரு சொட்டுச் சாறு விட்டால் இனிப்பை எண்ணாகக் காட்டுகிற கருவி ஒன்று அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்க மனிதருக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அக்காவின் ஆட்சி. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனைக்கென்று ஒரு பெண் இருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டுவார்: பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு முட்டையோ மீனோ பருப்போ, மிச்சமிருக்கும் கால் தட்டில்தான் சோறும் ரொட்டியும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும். அத்தான் அவருக்குத் 'தட்டு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார். அக்கா அந்தப் படத்தை அப்படியே மனதில் அச்சடித்துக்கொண்டாள். அத்தானுக்கு மட்டும் தனித் தட்டு என்றால் மனிதருக்கு ஏக்கம் வரும் என்று தன் தட்டையும் அதே கணக்குக்கு மாற்றினாள். டீயில் சர்க்கரை போடுவதை அவளும் விட்டாள். அந்த வீட்டு எறும்புகளெல்லாம் மனமுடைந்து பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்கள். மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பாது. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் எண் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும்.

ஆனால் மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது அன்றன்றைய கல்லாவைப் பார்த்து ஏமாறாது, மொத்த வியாபாரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் பேசும். ஏழுக்குள் இருக்க வேண்டும் என்று அத்தானுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது ஒன்பது புள்ளி நாலு. அதே வாரம் கண் டாக்டர் விழிக்குள் வெளிச்சமடித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கத்து மெல்லிய ரத்தக் குழாய்களில் கசிவு தொடங்கியிருக்கிறது என்றார். இப்போதைக்குப் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். சர்க்கரை இப்படியே இருந்தால் ஆகுமாம்.

"கண்ணு போனா, அடியில சொருகி வெச்சிருக்கிற அழுகல் பெட்டிய எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிப்பேன்?" என்று வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

தட்டு மேடம் எதிரில் உட்கார வைத்து விசாரித்தார். "கண்ணு முழிச்சதுலேர்ந்து வரிசையா சொல்லுங்க ஐயா."

அத்தான் ஒப்பித்தார். மத்தியானத் தட்டு, ராத்திரித் தட்டு, சாயங்காலம் ஒரு கை கடலை.

"காலையில சந்தையில?"

"ஒரு டீ. சர்க்கரை இல்லாம."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"ஐயா, நான் போலீஸ் இல்ல. எதைச் சாப்பிட்டிருந்தாலும் திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்?"

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் சரக்குக்கே பொய் சொல்லாதவன்ம்மா."

அவர் பொய் சொல்லவில்லை என்றால் வேறு யாரோ சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? விரல்கள் அக்காவின் பக்கம் நீண்டன. அத்தானின் தங்கை போனில் கூப்பிட்டு, "அண்ணி கைதான் தாராளமாச்சே. அண்ணன் கேட்டா, 'கொஞ்சம்தானே'ன்னு வெச்சிருப்பாங்க" என்றாள். அக்கா போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களோடு பேசினாள். அவையும் சத்தமாகவே பதில் சொல்லின. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், மறைக்காம சொல்லு. கடையில என்னடா குடுக்கற அவருக்கு?"

"ஒரு டீதான்க்கா. அதுவும் கழுநீர் மாதிரி."

"பிஸ்கட்?"

"கண்ணுலயே காட்டறதில்ல."

"பழம்?"

"பழமா? அத்தான் பழம் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லக்கா."

இதைச் சொன்னபோது நான் மனதறிந்து பொய் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வங்கியில் கட்டுக்கட்டாக நோட்டு எண்ணுகிறவரைப் பார்த்து, 'இவர் கையில் எவ்வளவு பணம் புரளுகிறது, பெரிய பணக்காரர்' என்று யாராவது சொல்வார்களா? அதே மாதிரிதான். அத்தான் வாயில் போடுவது எங்களுக்குப் பழம் இல்லை, சரக்கு.

முலாம்பழமும் திராட்சையும் சேர்ந்து குவிகிற பருவம் அது. ஒரு காலையில் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் சந்தைக்கு வந்தாள். ஆரஞ்சுப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருக்கிறாள். என் கடையில் ஒளித்து வைத்த பிஸ்கட் பொட்டலத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். முலாம்பழம் பிளந்தது, கீற்று உள்ளே போனது. திராட்சைக் கொத்தின் நுனியிலிருந்து நாலு பழம் உள்ளே போனது. ஆரஞ்சுச் சுளை உள்ளே போனது. மறுபடியும் முலாம்பழம். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அவளை நான் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றாள்.

அத்தானைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் கடை நாற்காலியில் உட்கார வைத்தாள். பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற கருவி வெளியே வந்தது.

"இங்கயா? எவனாவது பார்த்துடுவான்!" என்று அத்தான் பதறினார்.

"ஷட்டரைப் பாதி இறக்குடா," என்றாள் என்னிடம். இறக்கினேன். விரலைக் குத்தினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"மிஷின் கெட்டுப்போச்சு," என்றார் அத்தான்.

"அப்படியா?" என் கையைப் பிடித்து இழுத்து, ஊசியை மாற்றி, கேட்காமல் கொள்ளாமல் என் விரலிலும் ஒரு குத்து. நூற்று நாலு. "மிஷின் நல்லாத்தான் இருக்கு. தம்பியும் நல்லாத்தான் இருக்கான். இப்ப சொல்லுங்க, காலையிலேர்ந்து எத்தனை கீத்து முழுங்கினீங்க?"

"நான் எங்கம்மா முழுங்கினேன்? ருசி பார்த்தேன்."

"பார்த்ததெல்லாம் எங்க போச்சு?"

அத்தான் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கை தானாகப் போய்த் தொண்டையைத் தடவிப் பார்த்தது.

"அது வேலை. சாப்பாடு இல்ல."

"அது உங்களுக்குத் தெரியுது. வயித்துக்கு யாரு போய்ச் சொல்றது?"

மனக்கணக்கில் சந்தையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று பீற்றிக்கொள்கிறவன் நான். லாரிக்கு மூன்று வாய், பருவத்தில் இருபது லாரிக்குக் குறையாது. இந்தப் பெருக்கலை மட்டும் மூன்று வருடமாகப் போட்டுப் பார்க்கவில்லை. மனிதர் என் கண்ணெதிரில் தினமும் ஒரு கூடைப் பழத்தை உள்ளே இறக்கியிருக்கிறார். நானோ அவர் டீயில் அரைக் கரண்டி சர்க்கரை விழுந்துவிடாமல் காவல் காத்திருக்கிறேன்.

மூன்று பேரும் தட்டு மேடத்திடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிக்கணும். நான்தான் கேள்வியைத் தப்பாக் கேட்டிருக்கேன். என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். வாயில என்னென்ன போச்சுன்னு கேட்டிருக்கணும்." பிறகு ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டார்: "துப்பிடுங்களேன்."

அத்தானும் நானும் ஒரே நேரத்தில், "ஐயோ!" என்றோம். துப்பினால் என்ன ஆகும் என்று விளக்கினோம்.

"பாதி துப்பறேன், பாதி முழுங்கறேன். அதோட முடிச்சுக்கலாமா?" என்று அத்தான் பேரத்தை ஆரம்பித்தார்.

"நான் விலை சொல்ற ஆள் இல்ல ஐயா. பேரம் பேசணும்னா உங்க கண்ணுக்குள்ள இருக்கற குழாய்கிட்ட பேசுங்க."

"அப்போ இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டு முழுங்கிடறேனே?"

"ஊசி வேணும்னா டாக்டர் போடுவார். அது தண்டனையும் இல்ல, தோல்வியும் இல்ல. ஆனா நீங்க ஒரு பக்கம் லாரியில சரக்கை ஏத்திக்கிட்டே இருக்கீங்க, இன்னொரு பக்கம் இறக்கறதுக்குக் கூலிக்கு ஆள் வைக்கறேங்கறீங்க. வியாபாரிக்கு இது கட்டுப்படியாகுமா?"

கட்டுப்படியாகாது என்று அத்தானுக்கே தெரிந்தது.

"பழம் உங்களுக்கு எதிரி இல்ல," என்று அவர் தொடர்ந்தார். "ஒரு நாளைக்கு ஒரு கீத்து, சாப்பாட்டோட சேர்த்து, அது உங்க பங்கு. எந்தக் கீத்துன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மத்ததெல்லாம் வாயோட நிக்கட்டும். துப்பினாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அளந்து பார்ப்போம். வெறும் வயித்தோட ஏலத்துக்குப் போகாதீங்க. ரெண்டு முட்டை, கொஞ்சம் கடலை, காய்."

"முதல்லயே சாப்பிட்டா நாக்குல ருசி நிக்காதும்மா."

"வெந்நீர்ல வாய் கொப்பளிச்சா ஆச்சு," என்றாள் அக்கா. அந்த வழக்கு அத்தோடு முடிந்தது.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க," என்று தட்டு மேடம் எழுந்து நின்று சொன்னார். "இவ்வளவு பழம் திடீர்னு நின்னா, இதே மாத்திரைக்குச் சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கவும் செய்யலாம். கை நடுங்கினாலோ குப்புனு வேர்த்தாலோ உடனே அளந்து பாருங்க. டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க, மாத்திரையை அவர் சரி பண்ணித் தருவார்."

வீட்டுக்கு வரும்வரை அத்தான் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். சந்தையிடம் சொல்லவும் மனம் வரவில்லை, விழுங்கவும் பயம். மறுநாள் காலை ஒரு வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். கீற்றை மெல்வார், கன்னத்தில் ஒதுக்குவார், வெறும் எச்சிலை விழுங்குவார். தொண்டை ஏறி இறங்கும், ஏலம் ஆரம்பிக்கும். அவர் மூக்கைத் துடைப்பது போல அடுக்குக்குப் பின்னால் போய்க் கைக்குட்டையில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருப்பதைப் பார்த்து, "பல்வலியா அண்ணே?" என்று ஆளாளுக்குக் கிராம்பு வைத்தியம் சொன்னார்கள். ஏலம் முடிந்ததும் என் கடையில் பாதி ஷட்டருக்குப் பின்னால் அக்கா விரலைக் குத்தினாள். நூற்று அறுபத்தெட்டு.

"பார்த்தியா மாப்பிள்ளை!" என்று அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"பார்த்தேன். கைக்குட்டையை யாராவது பார்த்தா என்ன பண்ணுவீங்க?"

"யாரு பார்க்கப்போறா?"

ஐஸ் பார்த்தார். அந்த வாரக் கடைசியில், ஒரு முலாம்பழ லாரிக்கு முத்திரை விழுந்து, ஏலம் சூடு பிடித்து, அவரே உச்ச விலை கேட்டிருந்த நேரம். சரக்கைப் பின்பக்கமிருந்து சரிபார்க்கப் போனவர் அத்தானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து கொட்டகை நடுவில் நிறுத்தினார். கைக்குட்டை அத்தானின் கையில் ஈரமாகத் தொங்கியது.

"முழுங்கின சரக்கை வெளிய எடுக்கற வித்தை எப்பலேர்ந்து?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் உயர்த்தாதபோதுதான் எல்லோருக்கும் கேட்கும்.

அந்த லாரிச் சரக்கை விளைவித்த பழக்காரம்மா இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தார். ஐம்பது வயது, கரகரத்த குரல், சொந்த நிலம், சொந்த லாரி.

"துப்பிட்டீங்களா? என் சரக்கையா? தேன் அண்ணே அது! துப்பறதா இருந்தா எல்லாரும் பார்க்கத் துப்பியிருக்கலாமே, நானும் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பேன். திருட்டுத்தனமா எதுக்கு?"

"சரக்கு தள்ளுபடி," என்றார் ஐஸ். "பாதி விலை."

"பாதி விலைக்குக் குடுக்க நான் என்ன பழத்தைக் கண்டெடுத்தேனா?"

இரண்டு பக்கமும் கத்த ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்கள், இத்தனை நாளாக எதையெல்லாம் துப்பினான் என்றார்கள். விற்கிறவர்கள், யார் சரக்கையெல்லாம் கெடுத்தான் என்றார்கள். அத்தானுக்கு இருந்தது ஒரே ஒரு சொத்து, அவர் தொண்டை பொய் சொல்லாது என்ற பேச்சு. அது என் கண்ணெதிரில் ஏலத்துக்கு வந்துவிட்டது, கேட்பாரும் இல்லை. காலைச் சாப்பாட்டு டப்பாவோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அத்தான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"சரக்கு நல்ல சரக்கு," என்றார். "எனக்குத்தான் சரியில்ல. எனக்குச் சர்க்கரை. மூணு வருஷமா. கண்ணுக்குள்ள கசிவு வந்துடுச்சு. முழுங்கினா என் கண்ணு போகும், துப்பினா இந்தம்மா சரக்கு போகும். ரெண்டும் போகாம இருக்கட்டும்னு பார்த்தேன். ஏமாத்தணும்னு நெனைக்கல. ஆனா ஏமாத்தினதுதான்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஐஸ் உச்சுக் கொட்டவில்லை. சட்டைப் பையில் கை விட்டார். அந்தக் கருவி கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு கீற்றைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டு, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பதிமூணு. நல்ல சரக்குதான், ஒத்துக்கறேன். கேட்ட விலையே குடுக்கறேன். நாளையிலேர்ந்து இதுவே சொல்லட்டும். முத்திரைக்கு ஓய்வு குடுத்துடலாம். உடம்பையும் பார்த்துக்கலாம் பாருங்க."

அத்தானின் பிழைப்பு அந்த இடத்தில் முடிந்திருக்கும். முடிய விடாதது பழக்காரம்மா.

"அந்த மிஷின் யாருது?" என்று கேட்டார்.

"என்னுது."

"வாங்கறவர் மிஷின் விக்கறவ சரக்குக்கு நியாயம் சொல்லுமா? நாளைக்கு அது பத்துன்னு சொன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? மிஷின் முழுங்குமா? முழுங்காத எதையும் நான் நம்ப மாட்டேன்."

விற்கிறவர்கள் பக்கம் ஒரு பெரிய, "அதானே!" எழுந்தது.

"அப்போ இவரை முழுங்கச் சொல்றீங்களா?" என்றார் ஐஸ்.

பழக்காரம்மா அத்தானைப் பார்த்தார். முகம் இளகியது, கை இடுப்பிலிருந்து இறங்கவில்லை. "அதெப்படி சொல்வேன்? ஆனா யாராவது முழுங்கணும்ல?"

"வாங்கறவர் முழுங்கட்டும்."

திரும்பினோம். அக்கா. டப்பாவைக் கையில் பிடித்தபடி கொட்டகைக்குள் நடந்து வந்தாள். வியாபாரத்தில் மூக்கை நுழைக்காத பெண், அன்றைக்கு ஆளையே நுழைத்தாள்.

"இவர் மென்னு பார்த்துட்டு நல்லதுன்னு வாயால சொல்லட்டும். துப்பட்டும். அதுக்கப்புறம் அதே பழத்துல ஒரு கீத்து, ஏலம் எடுக்கறவர் முழுங்கட்டும். சரக்கு அவருக்குத்தானே போகுது? இருபது லாரிய ஒரே வயித்துல இறக்கினீங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு பிரிச்சுக்கிட்டா யாருக்கு என்ன ஆயிடும்?"

கொட்டகையில் முணுமுணுப்பு ஓடியது. கணக்கு எல்லோருக்கும் புரிகிற கணக்கு. பழக்காரம்மா ஒரு கீற்றை நறுக்கி, கத்தி முனையிலேயே ஐஸ் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுங்க முதலாளி."

"எனக்குப் பழம் பிடிக்காது," என்றார் ஐஸ்.

கொட்டகை, கூரைத் தகரம் அதிரச் சிரித்தது. பழத்தை மலை மலையாக வாங்கிக் குளிரில் அடுக்குகிற மனிதர் இருபது வருடமாக ஒரு சுளை தின்றதில்லை. வேறு வழியில்லாமல் வாங்கி வாயில் போட்டார். எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்தார்கள். பழக்காரம்மா மட்டும் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் அந்தம்மா பிழைக்கத் தெரிந்தவர். மென்றுகொண்டிருந்தபோதே ஐஸின் புருவம் தன்னையறியாமல் மேலே போனது, கண் லேசாகச் செருகியது.

"பாருங்க, பாருங்க, முகத்தைப் பாருங்க! பெட்டிக்கு இன்னும் ரெண்டு ஏத்துங்க முதலாளி!"

ஏற்றித்தான் தீர வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அதற்குள் போட்டி விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐஸ் தோற்றுவிட்டு வெறுங்கையோடு போகிற ஆள் இல்லை. அன்று மத்தியானமே வாங்குகிறவர்களைக் கூட்டி, முத்திரைக்கு இனி நாக்கு வேலை மட்டும்தான், வயிற்று வேலையை நாங்கள் பார்க்கிறோம், அதனால் நாங்கள் தருகிற கூலியில் கால் பங்கு குறைப்பு என்று முடிவு எடுத்துவிட்டார். அத்தான் பேரமே பேசவில்லை. அவர் பேரம் பேசாததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நேரே என் கடைக்கு வந்து, ஷட்டரைத் தானே முழுவதுமாக மேலே தள்ளி, தெருவைப் பார்த்து உட்கார்ந்து விரலை நீட்டினார். பழக்காரம்மா எட்டிப் பார்த்து, "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். திராட்சைக்காரர் ஒருவர், துப்புகிற வாய்க்கு முன்னால் தன் கொத்தை வைக்க முடியாது என்று வேறு சந்தைக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை. வாங்குகிறவர்கள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு மெல்லப் பழகிவிட்டார்கள். ஐஸ் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். அத்தானுக்கே சில நாள் பழைய பழக்கத்தில் தொண்டை முந்திக்கொள்ளும். அன்றைக்கு எண் இருநூற்றைத் தாண்டும், அக்கா ஒன்றும் சொல்லாமல் அவரை இன்னும் ஒரு தெரு அதிகமாக நடத்திக் கூட்டிப்போவாள்.

ஆனால் ஒரு விஷயம் யாரும் எதிர்பார்க்காதது. அந்த ஒரு கீற்று. ஏலம் முடிந்து, முட்டையும் காயும் தின்ற பிறகு, அன்றைக்கு வந்த சரக்கில் தனக்கு மிகவும் பிடித்ததில் ஒன்றை மட்டும் அத்தான் நிதானமாக விழுங்குவார். தினம் அறுபது முறை விழுங்கியபோது ஏலம் தொடங்குவதோடு மறக்கப்பட்ட அந்த விழுங்கலுக்கு, ஒன்றே ஒன்று என்று ஆனதும் எங்கிருந்தோ மவுசு வந்துவிட்டது. சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னைக்கு முத்திரை எதைச் சாப்பிட்டாரு?" என்று சில்லறைக்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். விற்கிறவர்கள் என் கடை வாசலில் வந்து நின்று அத்தானைக் கொஞ்சினார்கள்.

"அண்ணே, இன்னைக்கு நம்ம பழம்தானே?"

"உங்க பழம் நல்லாருக்கு. ஆனா என் கண்ணைவிட நல்லா இல்ல," என்பார் அத்தான், கெத்தாக.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரி. தட்டு மேடம் தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். ஏழு புள்ளி ஒன்பது.

அத்தான் தாளைக் கையில் எடுத்து, பெட்டியின் அடிப்பழத்தைப் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தார். "ஏழரைன்னு போட்டுக் குடுத்துடுங்களேன்ம்மா. அடுத்த தடவை கூட்டிக் கழிச்சுக்கலாம்."

"ஐயா!"

"சும்மா கேட்டேன். கேக்காம விட்டா தொழிலுக்கு மரியாதை இல்லை."

"ஒன்றரை இறங்கியிருக்கு. இது சின்ன விஷயம் இல்ல," என்று அவர் சிரித்தார். "இதே தட்டு, இதே நடை, இதே துப்பல். வேற ஒண்ணும் புதுசா வேணாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். நடைபாதையில் நின்று அத்தான், "மாப்பிள்ளை, கணக்கைச் சொல்லு," என்றார். பருவம் முடிந்ததும் கேட்கிற அதே குரல்.

சொன்னேன். கூலியில் கால் பங்கு போனது. திராட்சைக்காரர் ஒருவர் போனார். ஒன்பது புள்ளி நாலில் ஒன்றரை கழிந்தது. கண்ணில் புதுக் கசிவு இல்லை, பழையது பழைய இடத்திலேயே இருக்கிறது. ஏழைத் தொட இன்னும் பூஜ்யம் புள்ளி ஒன்பது பாக்கி.

"பாக்கியை யார் பேர்ல எழுதட்டும்?" என்று அத்தானைப் பார்த்துக் கேட்டேன்.

"ரெண்டு பேர் பேர்லயும் எழுதுடா," என்றாள் அக்கா.

எழுதிக்கொண்டேன். கூட்டுக் கணக்கு, பாக்கி பூஜ்யம் புள்ளி ஒன்பது.